செவ்வாயில் சரிந்த சுவர்

அப்பா, இத்தனை வருஷம் கழித்தும் உங்களைக் கூப்பிட்டால்தான் எனக்குப் பேச்சு வருகிறது.

சேதராப்பட்டில் நீங்கள் வெட்டிக்கொண்டிருந்த கிணற்றின் கரை சரிந்து உங்களை மூடியபோது நான் பள்ளியில் இருந்தேன். "செங்குத்தா வெட்டாத அண்ணேன்னு சொன்னேன், கேக்கல" என்று சித்தப்பா அன்று சொன்னார். பிறகு ஒவ்வொரு வருஷமும் படையலுக்கு வந்து, உங்கள் படத்துக்கு முன்னாலேயே சொன்னார். அதற்காகவே அவரோடு முகம்கொடுத்துப் பேசாமல் இருந்தேன். பாறைகளைப் பற்றிப் படிக்கப் போனதும் அந்தக் கோபத்தில்தான். இப்போது கல்லூரியில் அதையே நடத்துகிறேன். என்னைவிடச் சின்னவனைத் துறைத் தலைவனாக்கிவிட்டார்கள். அதைத் திட்ட இது இடமில்லை.

ஒரு சேதி. செவ்வாய்க் கிரகத்தைச் சுற்றிவரும் விண்கலம் எடுத்த படம் ஒன்றைப் பிரெஞ்சுப் பத்திரிகையில் பார்த்தேன். ஒரு பெரும் பள்ளத்தாக்கு. அதன் சுவர் ஆறேழு கிலோமீட்டர் உயரம், அப்பா! அதில் ஒரு பக்கம் அப்படியே பெயர்ந்து சரிந்திருக்கிறது. சரிந்த பாறை, நம் கடற்கரையிலிருந்து சேதராப்பட்டையும் தாண்டிப் பல கிலோமீட்டர் போகும் தூரத்துக்கு விசிறிபோல விரிந்து கிடக்கிறது. அங்கே எடை குறைவு. இங்கே நூறு கிலோ இருக்கும் கல் அங்கே நாற்பது கிலோகூட இராது. அதனால்தான் சுவர் அத்தனை உயரம் நின்றது. அப்படியும் விழுந்தது. கேட்க ஒரு காது இல்லாத இடத்தில் அந்தச் சத்தம் எப்படி இருந்திருக்கும்? பக்கத்தைத் திருப்ப மனம் வரவில்லை.

இந்த வருஷப் படையலன்று அந்தப் பத்திரிகையைச் சித்தப்பா முன்னால் போட்டேன். சண்டைக்குத்தான்.

"யார்ரா வெட்னது இத? உங்கப்பன் அங்கயும் போயிட்டானா?"

எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. "யாரும் வெட்டல சித்தப்பா. தானா சரிஞ்சுது."

படத்தை விரலால் தடவினார். "இவ்ளோ ஒசரம் நின்னுச்சே, அப்புறம் ஏன் வுழுந்துச்சு?"

"உள்ள பாறைக்குப் பலம் பத்தல. எங்க வெடிச்சிருக்குன்னு வெளியேருந்து பாத்தா தெரியாது."

இலையில் சோறு ஆறிப்போனது. "அன்னிக்கு மேல நின்னு கரையப் பாத்துக்கினு இருந்தது நான்தான்டா" என்றார். "எனக்கும் தெரியல."

இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. நீங்கள் செங்குத்தாக வெட்டியிருக்கலாம், அப்பா. இல்லாமலும் இருக்கலாம். அவரும் நானும் அந்தக் கிணற்றுப் பக்கம் இதுவரை போனதில்லை. வருகிற ஞாயிறு அவரைக் கூட்டிக்கொண்டு போகிறேன். கரையோரம் அவர் கையைப் பிடித்துக்கொள்வேன்.

உங்கள் மூத்த மகன்,
அவருக்கு அண்ணன் பிள்ளை