லயம் வரை ஏறாத கார்

அக்கா,

போன ஞாயிற்றுக்கிழமை காலை உன் காரின் கதவைத் திறந்தேன். விற்பது என்று முடிவாகிவிட்டது. கழுவிவைக்கலாம் என்று வாளியோடு சந்திக்கு இறங்கிப் போனேன். எல்லாரும் நானா என்று கூப்பிடும் கடைக்காரர் தன் கடைக்குப் பின்னால் அதைத் தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருந்தார். கதவு திறந்ததும் ஈர ரப்பர் விரிப்பின் வாடை வந்தது. அதற்குள்ளே, மெல்லிசாக, கடைசி மாதங்களில் உன் முதுகுக்குத் தேய்த்த தைலத்தின் மணம். வாளியைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் உள்ளேயே உட்கார்ந்திருந்தேன்.

பதுளையில் வங்கி வேலைக்குப் பஸ்ஸில் தொங்கிப் போய்வந்தவள் நீ. ஒருநாள் சிவப்பு நிறத்தில், இரண்டே கதவோடு, தரையை ஒட்டியபடி ஒரு குட்டிக் காரை ஓட்டிக்கொண்டு வந்தாய். மேலே தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளில் இருந்த லயத்துச் சனம் முழுக்க இறங்கி வந்து பார்த்தது. பின்சீட்டுக்குள் நுழையத் தடுமாறிய அம்மா, "இதுக்குள்ள மனுசர் ஏறுறதா, மூட்டை ஏத்துறதா?" என்று கேட்டார். தோட்டத்துப் பாதையின் முதல் திருப்பத்திலேயே அடிப்பாகம் கல்லில் இடித்தது. அன்றோடு கார் சந்தியில் நின்றுகொண்டது. நீ வழக்கம்போல் லயத்துக்கு நடந்தே ஏறினாய்.

"வீட்டுக்கு வராத காரு எதுக்கு? ஒரு வேன் எடுத்திருந்தா கோயிலுக்கு எல்லாரும் ஒண்ணா போயிருக்கலாம்" என்று பெரியப்பா அலுத்துக்கொண்டார். குழியில் இறங்கினால் முதுகெலும்பு வரை அடிக்கும். சின்ன சாமான் உடைந்தாலும் கொழும்பிலிருந்துதான் வரவேண்டும். நீ எதையும் மறுக்கவில்லை. "ஆமா, எல்லாம் உண்மைதான்" என்று சொல்லிக்கொண்டே கண்ணாடியைத் துடைப்பாய்.

குளவி கொட்டிய அன்றுதான் கேலி நின்றது. மேல் மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுச் செல்வியைக் குளவிகள் மொய்த்துவிட்டன. தோட்டத்து லொறி எங்கோ போயிருந்தது. அவளைச் சாக்கில் கிடத்திச் சந்திக்குத் தூக்கி வந்தார்கள். முகம் வீங்கிக் கண்ணே தெரியவில்லை, மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. நீ முன்சீட்டைச் சாய்த்து அவளைப் படுக்க வைத்தாய். நான் பின்னால் முடங்கி உட்கார்ந்து தலையைத் தாங்கிக்கொண்டேன். மழை தூறல். அத்தனை வளைவிலும் கார் ரோட்டைக் கவ்விக்கொண்டு ஓடியது. வேன் நுழைய முடியாத இடத்திலெல்லாம் நீ நுழைந்தாய். இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் கஷ்டம் என்றார் ஆஸ்பத்திரியில் டொக்டர். செல்வி பிழைத்துக்கொண்டாள்.

பிறகு உனக்கு முதுகுவலி வந்தது. பழியைக் கார் மேல் போட்டோம். அம்மா போட்டார், நான் போட்டேன், நீயே போட்டாய். "ஸ்பிரிங்க மாத்தினா சரியாயிரும்" என்றாய். மாற்றியும் பார்த்தாய். எலும்பில் புற்றுநோய் என்று தெரிந்தபோது அது எங்கெங்கோ பரவியிருந்தது.

அந்தத் தாழ்ந்த சீட்டில் இறங்கி உட்காரவும் எழும்பவும் முடியாமல், சிகிச்சைக்கு ஆட்டோவில்தான் போய்வந்தாய். ஒரு மத்தியானம் மட்டும், "அப்புத்தளைக்குப் போகணும். நம்ம கார்ல" என்றாய். செல்வியும் அவள் புருசனும் உன்னை நாற்காலியில் வைத்துச் சந்திக்கு இறக்கி, பச்சைப்பிள்ளையைத் தொட்டிலில் போடுவதுபோல் சீட்டில் வைத்தார்கள். லைசன்ஸ் எடுத்தும் உன் காரைத் தொடப் பயந்த நான் ஓட்டினேன். கியர் மேலிருந்த என் கையின் மேல் நீ உன் கையை வைத்துக்கொண்டாய்.

"வலிக்குதாக்கா?"

"வலிக்குது. நீ ஓட்டு."

அப்புத்தளையில் பனி இறங்கியிருந்தது, எதுவும் தெரியவில்லை. காரை ஓரமாக நிறுத்தினேன். ஏன் இதை வாங்கினாய் என்று அப்போதுதான் கேட்டேன்.

"நாம எல்லாமே உதவும்னுதான வாங்கினோம். செருப்புகூட அடுத்த வருசத்துக்கும் சேத்துப் பெருசா. ஒண்ணே ஒண்ணாவது பிடிச்சதுக்காக வாங்கணும்னு இருந்துச்சு."

அதற்குப் பிறகு நீ காரில் ஏறவில்லை.

ஞாயிறு மத்தியானம் மொனராகலையிலிருந்து ஒரு டீச்சர் வந்தார். உன் வயதுதான் இருக்கும். காரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "நல்லது கெட்டது ரெண்டையும் ஒளிக்காம சொல்லுங்க" என்றார். சொன்னேன். மழையில் வழுக்காது, வளைவில் விட்டுக்கொடுக்காது, ஓட்டுகிறவருக்கு அலுக்காது. பின்சீட்டில் பெரியவர்களை ஏற்ற முடியாது, கல்ரோட்டில் இறக்கக்கூடாது. பிறகு, சொல்லவேண்டும் என்று நினைக்காமலே சொன்னேன்: "முதுகு வலிச்சா மட்டும் காரக் குறை சொல்லாதீங்க. டொக்டரப் பாருங்க."

அவர் என் முகத்தைப் பார்த்தார். சாவியை வாங்கும்போது என் கையைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தார்.

எப்போதும்போல் இந்த வாரமும் வேலைக்குப் பஸ்ஸில்தான் போய்வருகிறேன், அக்கா. ஹாலிஎலப் பக்கம் வளைவுகள் தொடங்கியதும், மடியில் கிடக்கும் என் இடது கை தானாக ஒரு கியர் குறைக்கிறது. அதன் மேல் உன் உள்ளங்கையின் சூடு. பக்கத்தில் இருப்பவர்கள் ஒருமாதிரியாகப் பார்க்கிறார்கள். பார்க்கட்டும், வளைவு முடியும்வரை நான் கையை அசைப்பதில்லை.