குசினி சொல்தா

காலையில் இஸ்திரிக்காரர் என் கறுப்புக் கோட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். கொடுத்தவர் உடனே போகவில்லை. கோட்டின் இடது மார்பில் விரலை வைத்து, "மெடல் குத்துற ஓட்டை ஒண்ணு இருக்குது, சரி. பக்கத்துல இன்னொண்ணு சும்மா கெடக்குதே சார், இழை இழுத்து மூடிடட்டுமா?" என்று கேட்டார். "அதைத் தொட்டே, கையை ஒடிச்சுடுவேன்" என்றேன். பாவம், சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நீ பக்கத்தில் இருந்திருந்தால், "இன்னாடா, நல்லது சொல்ல வந்தவன் மேல பாயுற" என்று என்னைத்தான் திட்டியிருப்பாய். நாளை மறுநாள் ஜூலை பதினாலு. பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக இருந்த கிழவர்களெல்லாம் கோட்டு மாட்டிக்கொண்டு கடற்கரைச் சாலையில் கூடும் நாள். நீ இல்லாமல் நான் போகப்போவது இது மூன்றாவது வருஷம்.

நாம் இருவரும் ஒரே நாளில் பட்டாளத்தில் சேர்ந்தவர்கள். நீ வைத்திக்குப்பத்துக் கட்டுமரக்காரர் மகன். நான் சாரத்து மில் தொழிலாளி மகன். கப்பலேறி சைகோன் போகும்வரை எனக்குக் கடல் என்றால் கரையில் நின்று பார்க்கிற சமாசாரம். முழங்கால் தண்ணீரில் இறங்கினாலே எனக்கு உதறல் எடுக்கும். கப்பலில் நான் வாந்தி எடுத்தபோதெல்லாம் முதுகைத் தடவிக்கொண்டே, "உன்ன எவன்டா சொல்தாவா எடுத்தது?" என்று சிரித்தவன் நீ.

அங்கே நம் ஊர்க்காரர்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. ஒருவனுக்கு உடம்புக்கு முடியவில்லை என்றாலோ, ஊர்க் கடிதம் வந்து மனசு சரியில்லை என்றாலோ, அவன் முறைக்கு இன்னொருவன் போய்விடுவான். சார்ஜெண்டிடம் சொல்வதில்லை. சொன்னால் ஆயிரம் கேள்வி வரும். பட்டியலில் இருக்கிற பெயரைக் கூப்பிட்டதும் "பிரெசான்" என்று குரல் கொடுத்தால் போதும், அந்த வெள்ளைக்காரனுக்கு நாம் எல்லோரும் ஒரே முகம்தான். என் முறைக்கு நீ நாலு தடவை போயிருப்பாய். உன் முறைக்கு நான் இரண்டு தடவை.

அன்றைக்கு ஆற்றில் அரிசிப் படகுக்குக் காவல் போக வேண்டியவன் நான். மலேரியாக் காய்ச்சலில் பல் கிட்டிப்போய்க் கிடந்தேன். நீ என் கம்பளியை இழுத்துப் போர்த்திவிட்டு, "தூங்குடா, போயிட்டு வந்துடறேன்" என்று துப்பாக்கியை எடுத்துக்கொண்டு போனாய். வழியில் கரையிலிருந்து சுட்டார்கள். படகு கவிழ்ந்தது. நீ மூன்று முறை நீந்திப் போய் மூன்று பேரைக் கரை சேர்த்திருக்கிறாய். மூன்று பேருமே வேறு ஊர்க்காரர்கள். அவர்களைப் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். "ஒரு பாண்டிச்சேரி சொல்தாதான் காப்பாற்றினான்" என்று மட்டும் அவர்களுக்குச் சொல்லத் தெரிந்தது. எந்தப் பாண்டிச்சேரி சொல்தா என்று பட்டியலைப் பார்த்தார்கள். பட்டியலில் என் பெயர் இருந்தது.

நீயோ ஆடுசதையில் குண்டு துளைத்த காலைத் துணியால் கட்டிக்கொண்டு நொண்டியபடியே வந்து சேர்ந்தாய். உண்மையைச் சொன்னால் காவலைவிட்டு மாறியதற்கு இரண்டு பேருக்கும் தண்டனை. மருந்தறையில் இருந்த காரைக்கால்காரர், உன்மேல் இரக்கப்பட்டு, குசினியில் சமைக்கும்போது வழுக்கி விழுந்து கம்பி குத்தியதாகப் பதிவேட்டில் எழுதிவிட்டார். கால் ஆறும்வரை உன்னைக் குசினி வேலையிலேயே போட்டார்கள். இரண்டு மாதம் கழித்து, அணிவகுப்பில் என்னைக் கூப்பிட்டு மார்பில் மெடல் குத்தினார்கள். அன்று நீ எனக்குச் சோறு போட்டபோது கரண்டியாலேயே ஒரு சலாம் வைத்தாய். "வாய மூடிக்கினு போட்டுக்கோ. உள்ள போறதுக்கா இவ்ளோ தூரம் வந்தோம்?" என்றாய்.

ஊர் திரும்பிய பிறகும் அந்தக் குசினி உன்னை விடவில்லை. பழைய சொல்தாக்கள் சங்கத்தில் ஒரு வருஷம் எல்லோருடைய லிவ்ரேயையும், அதுதான் அந்தச் சேவைப் புத்தகத்தை, வாங்கி உரக்கப் படித்தார்கள். உன் பக்கம் வந்தபோது, "காயம்: சமையலறையில் வழுக்கி விழுந்தது" என்று படித்தார்கள். கூடம் முழுக்கச் சிரித்தது. அன்றிலிருந்து உனக்குக் குசினி சொல்தா என்று பெயர். மீன் அங்காடியில் குசினி சொல்தா, டீக்கடையில் குசினி சொல்தா. நீயும் கூடவே சிரித்தாய். நானும் சிரித்தேன். அதை நினைத்தால் இப்போதும் என்னையே செருப்பால் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

உன் மகள் வசந்தாவைப் பெண் பார்க்க வந்தார்களே, எழுபதுகளின் கடைசியில், அந்த நாள்தான் என்னால் தாங்க முடியாமல் போனது. பெரியப்பா முறையில் நானும் உன் வீட்டில் பாயில் உட்கார்ந்திருந்தேன். பேச்சோடு பேச்சாக மாப்பிள்ளையின் மாமன், "ஓ, குசினி சொல்தா வூடுதானா இது? அப்ப சாப்பாட்டுக்குக் கொறச்சல் இருக்காது" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நீ சிரித்துக்கொண்டே அவனுக்கு இன்னொரு கலர் சோடா உடைத்துக் கொடுத்தாய். அவர்கள் போனதும் வசந்தா என்னை வாசல் பக்கம் கூப்பிட்டாள். கண் சிவந்திருந்தது.

"பெரியப்பா, நீங்க கூடவே இருந்தவரு. எங்கப்பா நெசமாவே குசினியிலதான் வுழுந்தாரா?"

"ஆமாம்மா" என்றேன்.

நான் தூக்கி வளர்த்த பிள்ளை அவள். அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். சைக்கிளில் ஏறாமல் சாரம் வரைக்கும் அதை உருட்டிக்கொண்டே வந்தேன்.

மறுநாளே உன்னிடம் வந்து, பதிவைத் திருத்தச் சொல்லி மனுப் போடலாம் என்றேன். நீ வலையில் சிக்கிய பாசியைப் பிய்த்துப் போட்டபடி, "உன் மார்லேருந்து புடுங்கி என் மார்ல குத்திக்கச் சொல்றியா? போடா வேலயப் பாத்துக்கினு" என்றாய். கெஞ்சினேன். திட்டினேன். உன் பெண்டாட்டி மரகதத்தைவிட்டுச் சொல்லச் சொல்லலாம் என்றால், அவளுக்கே நீ ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. மனுவில் உன் கையெழுத்து இல்லாமல் ஒன்றும் நடக்காது. பேனாவைத் தொடமாட்டேன் என்று ஒரு வருஷம் அழும்பு பண்ணினாய்.

அப்புறம்தான் எனக்குப் பொறி தட்டியது. உன் பதிவைத் திருத்தத்தானே உன் கையெழுத்து வேண்டும்? என் பதிவைத் திருத்த நான் ஒருவன் போதுமே. என்னுடையதல்லாத ஒரு வரி என் சேவைப் பதிவில் இருக்கிறது, அதை எடுத்துவிடுங்கள் என்று பிரெஞ்சில் எழுதி, நடந்ததை எல்லாம் விவரித்து அனுப்பினேன். பல மாதம் கழித்துப் பதில் வந்தது. படகில் உண்மையில் யார் போனதாகச் சொல்கிறேனோ, அந்த ஆளை நேரில் விசாரிக்க வேண்டுமாம். உனக்கும் ஒரு தாள் வந்தது. அதை எடுத்துக்கொண்டு என் வீட்டு வாசலில் வந்து நின்று நீ போட்ட சத்தத்தில், பக்கத்து வீட்டுக்காரர்கள் அடுப்பை அப்படியே விட்டுவிட்டு வெளியே வந்து பார்த்தார்கள்.

விசாரித்த அதிகாரிக்கு முப்பது வயதுகூட இருக்காது. தமிழ் தெரிந்த குமாஸ்தா அன்று விடுப்பு. "உங்கள் நண்பர் சொல்வதை நீங்களே எனக்குச் சொல்லிவிடுங்கள்" என்றார் என்னிடம். நீ சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு விறைப்பாக நின்றாய்.

"அய்யா, இவன் சொல்றது பூராப் பொய்யி. வயசானா சில பேருக்குப் புத்தி பெசகிடும். படகுல போனவன் இவன்தான். நான் குசினியில வெங்காயம் உரிச்சுக்கினு இருந்தேன்."

இதைப் பிரெஞ்சில் சொல்ல வேண்டியவன் நான். ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். புத்தி பிசகியதற்கு மட்டும் சட்டென்று வார்த்தை வராமல் என் நெற்றியைத் தட்டிக் காட்டினேன். அதிகாரி உதட்டைக் கடித்துக்கொண்டார். கோப்பைப் புரட்டிப் பார்த்துவிட்டு என்னைக் கேட்டார்: "உங்களுக்கு நீந்தத் தெரியுமா?"

"தெரியாது."

அதை உனக்கும் தமிழில் சொன்னேன். நீ கொஞ்சமும் அசரவில்லை. "அப்போ தெரிஞ்சுது அய்யா. இப்போ மறந்துட்டான்" என்றாய்.

அவர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். பிறகு காலைக் காட்டச் சொன்னார். நீ வேட்டியைத் தூக்கினாய். ஒரு பக்கம் சின்னத் தழும்பு, மறுபக்கம் பெரிய தழும்பு. பட்டாளத்துக்காரரான அவருக்கு அது என்ன என்று தெரியாதா? ஆனாலும் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. நிதானமாக, வேறு ஏதோ பேசுகிறவர்போல, "மூன்றாவது ஆள் நல்ல கனமாம். அவனை எப்படிப் பிடித்து இழுத்தார்கள்?" என்றார். நான் அதைத் தமிழில் சொல்லி முடிப்பதற்குள் நீ பதில் சொல்லிவிட்டாய்.

"முடியப் புடிச்சுத்தான். மொட்டத் தலையனா இருந்தா அன்னிக்கே போயிருப்பான்."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாய். நான் அதையும் பிரெஞ்சில் சொல்லிவிட்டேன். அதிகாரி எழுந்து நின்று உனக்குக் கை கொடுத்தார். வெளியே வந்ததும் நீ என்னைத் திரும்பியும் பாராமல் விந்தி விந்தி நடந்து போனாய். பத்து நாள் என்னோடு பேசவில்லை.

முடிவு தெரிய ஒன்றரை வருஷம் ஆயிற்று. என் புத்தகத்தில் அந்த வரியைச் சிவப்பு மையால் அடித்து, அன்று பணியில் இல்லை என்று கீழே எழுதியிருந்தார்கள். உன் புத்தகத்தில் குசினியை அடித்துவிட்டு, ஆற்றையும் மூன்று பேரையும் குண்டுக் காயத்தையும் எழுதி முத்திரை வைத்திருந்தார்கள். நான் படித்துக் காட்டினேன். உன்னைப் பற்றிய வரிகளை நீ சரியாகக் கேட்கக்கூட இல்லை. "உன் பேர்ல எதுக்குடா சேப்பு மையி? அத அழிக்கச் சொல்ல முடியாதா?" என்று அதையே திரும்பத் திரும்பக் கேட்டாய். வசந்தா கைக்குழந்தையோடு புருஷன் வீட்டிலிருந்து வந்து, அந்தப் பக்கத்தைத் தானே ஒருமுறை எழுத்துக் கூட்டிப் பார்த்தாள். பிரெஞ்சு அவளுக்குத் தெரியாது. உன் பெயரை மட்டும் கண்டுபிடித்து விரலால் தடவினாள்.

அந்த வருஷம் ஜூலை பதினாலில் உன் பெயரைக் கூப்பிட்டார்கள். நீ என் பக்கம் திரும்பி, "நான் போவட்டா?" என்றாய். "உன் முறைடா, போ" என்றேன். நீ விந்தி நடந்து போய், விறைத்து நின்று, மெடல் குத்த மார்பைக் காட்டினாய். என் கோட்டில் எல்லோருக்கும் கொடுத்த சேவை மெடல் மட்டும் இருந்தது; பக்கத்தில் இந்த மெடல் குத்தியிருந்த ஓட்டை காலியாகக் கிடந்தது. பின்னால் எவனோ என்னைப் பார்த்து, "காய்ச்சல் சொல்தா" என்று முணுமுணுத்தான். எனக்கு நன்றாகத்தான் கேட்டது. கோபம் வரவில்லை. அதற்கு முன்னால் எந்த ஜூலை பதினாலிலும் நான் அத்தனை நிம்மதியாக நின்றதில்லை.

அதன் பிறகு இரண்டு வருஷம் இருந்தாய். மாரடைப்பில் நீ போன பதினாறாம் நாள், காரியம் முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு, மரகதம் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அண்ணே, ஒண்ணு கேட்டா கோச்சுக்கக் கூடாது. இத்தன வருஷம் ஏண்ணே வாயத் தொறக்கல?"

தண்டனைக்குப் பயம் என்றுதான் எல்லோருக்கும் சொல்லி வந்தேன். அதிகாரியிடமும் அதைத்தான் எழுதிக் கொடுத்தேன். ஆனால் பட்டாளத்தைவிட்டு வந்த பிறகு எவன் என்னைத் தண்டிக்கப்போகிறான்? உன் படத்துக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு அவளிடம் அதையே சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

"அந்த மெடல் எனக்குப் பிடிச்சிருந்துது, தங்கச்சி" என்றேன். "போட்டுக்கிட்டு நடக்கும்போது நாலு பேர் திரும்பிப் பார்த்தாங்க. அது பிடிச்சிருந்துது. வேற ஒண்ணும் இல்ல."

உன்னிடம் ஒருநாளும் சொல்லாததை அவளிடம் சொன்னேன். காறித் துப்புவாள் என்று தலையைக் குனிந்துகொண்டேன். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"அது அவருக்குத் தெரியும்ணே. விசாரணைக்கிப் போயிட்டு வந்த அன்னிக்கி நானும் இதையேதான் கேட்டேன். 'அவன் அத ஆசையாப் போட்டுக்கினு இருந்தான் மரகதம். பாக்க எனக்கும் நல்லா இருந்துது'ன்னாரு."

தெரிந்துகொண்டேதான் அத்தனை வருஷம் என் பக்கத்தில் நின்றாயா? பாவி, ஒருநாளாவது என்னை ஒரு வார்த்தை திட்டியிருக்கக் கூடாதா? திட்டியிருந்தால் அதோடு தீர்ந்திருக்கும். புத்தகத்தில் இருந்த தப்பை நான் திருத்திவிட்டேன். நீ மரகதத்திடம் சொன்ன அந்த ஒரு வார்த்தையை எங்கே கொண்டுபோய் வைப்பது என்றுதான் எனக்கு இன்னும் தெரியவில்லை.