காய்ச்சி வடித்த நீர்

நேற்று முன்தினம் காலை, நாவலூரில் மகன் வீட்டு மீன்தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். உள்ளே எட்டுக் கப்பி மீன்கள். அவற்றில் மூன்று ஒரே இடத்தில் நின்றபடி உடம்பை மட்டும் நெளித்துக்கொண்டிருந்தன. விசிறி போல விரிந்திருக்க வேண்டிய வால்கள் குச்சியாக மடங்கியிருந்தன. நீந்துவது போன்ற அசைவு இருந்தது, ஆனால் இம்மியும் நகரவில்லை. அந்த நடுக்கத்தை நான் இதற்குமுன் ஒரே ஒரு முறைதான் பார்த்திருக்கிறேன். உங்கள் வீட்டில்.

மருமகளிடம் தண்ணீரை மாற்றினாயா என்று கேட்டேன். "ஆமா மாமா, நேத்து ஃபுல்லா கொட்டிட்டு ஆர்ஓ ஃபில்டர் தண்ணி ஊத்தினேன். சுத்தமா இருக்கட்டுமேன்னு. தப்பா?" என்றாள், தோசைத் திருப்பியைக் கையில் வைத்துக்கொண்டே.

அவள் ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள். அதே கேள்வியை நீங்கள் என்னிடம் கேட்டு ஐம்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. உங்களுக்கு நான் உண்மையான பதிலைச் சொல்லவே இல்லை. இந்தக் கடிதம் அதற்காகத்தான். இதையும் ஒரு முறை கிழித்துவிட்டு இரண்டாம் முறை எழுதுகிறேன்.

எழுபதுகளின் நடுவில் செங்கல்பட்டில் ஒரே காம்பவுண்டில் அடுத்தடுத்த போர்ஷனில் குடியிருந்தோம். நீங்கள் மாமல்லபுரம் போகும் பஸ்ஸில் கண்டக்டர். நான் உயர்நிலைப் பள்ளியில் வேதியியல் ஆசிரியன், கல்யாணம் ஆகாதவன். முதல் நாளே என்னை "வாத்தியாரே, நீ" என்று ஆரம்பித்துவிட்டீர்கள். நான் கடைசிவரை "நீங்கள்" என்பதைத் தாண்டவில்லை.

அந்த வருடம் உங்கள் மனைவி ஜமீலாம்மாவுக்கு இரண்டாவது குழந்தையும் தங்காமல் போயிருந்தது. அவர் யாரிடமும் பேசவில்லை. நீங்கள் மெட்ராஸ் போய் மூர் மார்க்கெட்டில் ஒரு டஜன் கப்பி வாங்கி, மடியில் வைத்துக்கொண்டு ரயிலில் வந்தீர்கள். கண்ணாடித் தொட்டியை ஜன்னல் பக்கம் வைத்த மூன்றாம் நாள், ஜமீலாம்மா அதன் முன்னால் உட்கார்ந்து, "இது ஒண்ணு வயித்துல வச்சிக்கினு கீது" என்றாராம். அதை நீங்கள் என்னிடம் இரண்டு முறை சொன்னீர்கள். கப்பி முட்டையிடாது, குட்டி போடும் என்று நான் விளக்கினேன். அடிவயிற்றில் வால் பக்கமாக உள்ள கரும்புள்ளி பெரிதானால் நாள் நெருங்கிவிட்டது என்றும் சொன்னேன். அதிலிருந்து அவர் அந்தப் புள்ளியைத் தினமும் பார்த்தார்.

பிறகு கோவளத்தில் அவருடைய தம்பி கல்யாணம் வந்தது. பத்து நாள் போய்வர வேண்டும். மீனை விட்டுவிட்டு வரமாட்டேன் என்று அவர் அடம்பிடித்தார். நீங்கள் வீட்டுச் சாவியை என் கையில் வைத்து, "படிச்சவன் கைல வுட்டுட்டுப் போறோம் ஜமீ, இன்னா பயம்?" என்றீர்கள். என் வாழ்க்கையில் என்னை நம்பி ஒருவர் அப்படிப் பேசியது அதுவே முதல் தடவை.

அதனால்தான் அந்தத் தவறு நடந்தது என்று நினைக்கிறேன். சொன்னபடி இரண்டு வேளை ஒரு சிட்டிகை தீனி போட்டுச் சும்மா இருந்திருக்கலாம். நம் காம்பவுண்டுக் கிணற்று நீர் பாத்திரத்தில் வெள்ளையாகப் படியுமே, அது எனக்கு உறுத்தியது. தொட்டியும் லேசாகப் பச்சை கட்டியிருந்தது. கருவுற்ற மீனுக்கு இருப்பதிலேயே தூய்மையான நீரைக் கொடுக்க வேண்டும் என்று தோன்றியது. பள்ளி ஆய்வகத்தில் மூன்று நாள் நீரைக் காய்ச்சி வடித்து, சொட்டுச் சொட்டாகச் சேர்த்து, இரண்டு பெரிய பாட்டில்களில் கொண்டுவந்தேன். பழைய நீரை முழுவதுமாகக் கொட்டிவிட்டு அதை ஊற்றினேன். தொட்டி கண்ணுக்கே தெரியாதது போல இருந்தது. பெருமையாக இருந்தது.

மறுநாள் காலையில் அத்தனையும் நின்ற இடத்தில் நடுங்கின. அந்த வெள்ளைப் படிவில்தான் அவற்றின் உயிர் இருந்தது என்பது அப்போது எனக்குத் தெரியாது. உப்பே இல்லாத நீரில் அந்த மீன் தாங்காது என்பதை வெகு காலம் கழித்து ஒரு புத்தகத்தில் படித்தேன். பதறிப்போய்ப் பாதியைக் கொட்டிவிட்டுக் கிணற்று நீரை ஊற்றினேன். மாலைக்குள் இரண்டு செத்தன. அடுத்த நாள் இன்னும் மூன்று. தினமும் ஒரு நோட்டில் குறித்துவந்தேன். தீனி, நேரம், வெயில் எல்லாம் அதில் இருந்தன. 'நீர்' என்ற கட்டத்தை மட்டும் வெறுமையாக விட்டேன்.

நீங்கள் திரும்பி வந்து தொட்டியைக் குனிந்து பார்த்தீர்கள். "வாத்தியாரே, தண்ணி கிண்ணி எதுனா மாத்தினியா?"

கோபம் இல்லாமல்தான் கேட்டீர்கள். நான் "இல்லை" என்றேன்.

ஜமீலாம்மா உங்களுக்குப் பின்னால் நின்றிருந்தார், இன்னும் கல்யாணப் புடவையில். "நான் ஆசப்பட்டா எதுவும் தங்காது" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறந்தேன். திறந்தது உங்களுக்கும் தெரிந்திருக்கும். "கணக்குப் பேப்பர் திருத்தணும்" என்று சொல்லிவிட்டு என் வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். நான் கணக்கு வாத்தியார்கூட இல்லை.

மறுநாள் காலை உங்கள் வீட்டிலிருந்து ஒரு தட்டு இடியாப்பம் வந்தது. "நாஸ்தா ஆச்சா தம்பி?" என்று ஜமீலாம்மாவே கொண்டுவந்து கொடுத்தார். இத்தனை துயரத்திலும் எனக்குச் சோறு போடுகிறாரே என்று ஒரு வாய்கூட இறங்கவில்லை.

அன்று மாலை நீங்கள் ஒரு பித்தளைக் குடம் நிறைய நீரோடு வந்தீர்கள். மாமல்லபுரத்தில் நீங்கள் டீ குடிக்கும் கடைக்குப் பின்னால் ஒரு கிணறு. கொசுவை ஒழிக்க அதில் யாரோ விட்ட கப்பி பெருகிக் கிடந்ததாம். "தண்ணி வாய்ல வச்சா உப்பு கரிக்குது. அதுல குஞ்சும் குட்டியுமா ஆடிகினு கீது. இங்க மட்டும் இன்னா பேஜாரு அதுக்கு?" என்றீர்கள். வழியில் செக்கர் ஏறி, சீட்டுக்குக் கீழே யாருடைய குடம் என்று கேட்க, "என் பொஞ்சாதி மீனோட குடம் சார்" என்று உங்களுக்கு நீங்களே லக்கேஜ் டிக்கெட் கிழித்துக்கொண்டதைச் சொல்லிச் சிரித்தீர்கள். தொட்டியில் போடுவதற்குச் சட்டைப் பையில் ஒரு கை கிளிஞ்சல் வேறு இருந்தது.

நீங்கள் ஊற்றவில்லை. டம்ளரை ஜமீலாம்மா கையில் கொடுத்தீர்கள். அவர் வேண்டாம் என்று தலையசைத்தார். "நீதான் ஊத்தணும்" என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றீர்கள். மெதுவாக, ஒரு நாளைக்கு நாலு டம்ளராக ஊற்றுங்கள் என்று சொன்னது ஒன்றுதான் என் பங்கு.

நாலாம் நாள் வால்கள் விரிந்தன. அடுத்த வெள்ளிக்கிழமை அந்தக் கருவுற்ற மீன் குட்டிகள் போட்டது. தாயே தின்றுவிடும் என்பதால் ஜமீலாம்மா ஸ்பூனால் ஒவ்வொன்றாக அள்ளி ஹார்லிக்ஸ் பாட்டிலில் விட்டார். பதினேழு. "பதினெட்டு ஜமீ" என்று நீங்கள் வேண்டுமென்றே வம்புக்கு இழுக்க, அவர் சிரித்ததைச் சுவருக்கு இந்தப் பக்கம் கேட்டுக்கொண்டிருந்தேன்.

மறுநாள் நீங்கள் என் வாசலில் வந்து நின்றீர்கள். "இந்தா வாத்தியாரே, உன் பாட்டிலு. இஸ்கூல்ல தேடப்போறாங்க." இரண்டில் ஒன்றை உங்கள் தொட்டிக்கு அடியிலேயே மறந்துவிட்டிருந்தேன். அதில் என் கையெழுத்தில் 'காய்ச்சி வடித்த நீர்' என்று லேபிள் ஒட்டியிருந்தது. அந்தப் பக்கத்தை உங்கள் சட்டையோடு சேர்த்துப் பிடித்திருந்தீர்கள். கொடுத்ததும் திரும்பிப் போய்விட்டீர்கள். உங்களுக்குத் தெரிந்துவிட்டதா, இல்லை தற்செயலா என்று இத்தனை வருடமும் யோசித்திருக்கிறேன். உங்களுக்கு மாற்றலாகிப் போன பிறகு பெருநாளுக்குப் பெருநாள் வந்த கடிதங்களிலும் அதைத் தேடியிருக்கிறேன்.

போன வருடம் நீங்கள் போய்விட்டீர்கள். ஜமீலாம்மா துக்கம் காத்துத் தனித்திருந்த இத்தா முடிந்தும் பல மாதம் ஆகிவிட்டது. நான்தான் போகாமல் இருந்தேன். நேற்று, மருமகள் அத்தனை சுலபமாகச் சொன்ன மறுநாள், பஸ் ஏறிக் கோவளம் போனேன். ஜமீலாம்மா இப்போது தன் தம்பி மகள் வீட்டில் இருக்கிறார். கண் மங்கிவிட்டது, என் குரலை வைத்தே அடையாளம் கண்டுகொண்டார். துக்கம் கேட்டுவிட்டு, நாற்காலி நுனியில் உட்கார்ந்தபடி, "அன்று தண்ணீரை மாற்றியது நான்தான் அம்மா" என்றேன்.

அவர் என் குரல் வந்த பக்கம் திரும்பினார். பிறகு, "அவரு அன்னிக்கே சொல்ட்டாரு தம்பி" என்றார். "பாட்டில காட்டி, பாரு ஜமீ, உன் ராசி இல்ல, வாத்தியாரு பண்ண வேலைன்னாரு. பயந்த மனுசன், தெரிஞ்ச மாதிரி காட்டிக்காத, காலைல நாஸ்தா குடுத்து அனுப்புன்னாரு."

அந்த இடியாப்பத்தை நான் பூனைக்குப் போட்டிருந்தேன்.

திரும்பும்போது கோவளம் கரையில் கொஞ்சம் கிளிஞ்சல் பொறுக்கிக் கைக்குட்டையில் முடிந்துகொண்டேன். அதன் சுண்ணாம்பு நீரில் கரையட்டும் என்று கழுவித் தொட்டியில் போட்டேன். இனி ஒரேயடியாகக் கொட்டாமல் வாரத்துக்குக் கால் பங்கு மட்டும் மாற்று, இரண்டு நாள் திறந்து வைத்த குழாய்த் தண்ணீரையே ஊற்று என்று மருமகளிடம் சொன்னேன். இன்று காலை ஒரு மீனின் வால் பாதி விரிந்திருக்கிறது.

இதெல்லாம் எங்கே கற்றீர்கள் மாமா என்று அவள் கேட்டாள். உங்களைப் பற்றிச் சொன்னேன். பஸ்ஸைச் சொன்னேன், குடத்தைச் சொன்னேன்.

"அந்த மீனுக்கெல்லாம் அப்படி என்ன ஆச்சு? தண்ணிய யாராவது மாத்திட்டாங்களா?"

"நான்தான்மா மாத்தினேன்" என்றேன்.