பூவிழி கிழித்த கடிதம்

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? அம்மா நேரத்துக்குச் சாப்பிடுகிறாரா? புதுச்சேரியில் நான் நலம்.

வரலாறு படிக்கும் பிள்ளைகளுக்குச் செயற்கை நுண்ணறிவு நடத்துகிறேன் அல்லவா? போன வாரம் பூவிழி என்ற மாணவி, வகுப்பிலிருந்து விலகுவதாகக் கடிதம் எழுதிக்கொண்டு வந்தாள்.

"எனக்கு இதெல்லாம் மண்டையில ஏறாது மேம்."

அவள் அம்மா வைத்திக்குப்பத்தில் மீன் விற்பவர். "நாளைக்கு மீன் படங்கள் எடுத்துட்டு வா. அப்புறம் கையெழுத்துப் போடறேன்" என்றேன்.

மறுநாள் நாற்பது படங்களோடு வந்தாள். அவள் மீன்களின் பெயர்களைச் சொல்லச் சொல்ல, கணினியைப் பழக்கினோம். புதிதாக ஒரு படத்தைக் காட்டியதும் அது "வவ்வால் மீன்" என்றது. போடியில் பிறந்த எனக்கு மீன் எங்கே தெரியும்? நானும் தலையாட்டினேன்.

பூவிழி விழுந்து விழுந்து சிரித்தாள். "அதுக்கும் தெரியல, உங்களுக்கும் தெரியல! வாலு ஓரத்துல சொரசொரப்பா இருக்குது பாருங்க, இது பாரை."

"அப்போ நீயே அதுக்குச் சொல்லிக்கொடு."

மேலும் படங்கள் சேர்த்து, சாயங்காலத்துக்குள் அதைச் சரியாகச் சொல்ல வைத்துவிட்டாள். கடிதத்தை அவளே கிழித்துப் போட்டாள். இப்போது வகுப்பில் எல்லோரும் சந்தேகம் கேட்பது அவளிடம்தான்.

அம்மாவின் கறிவேப்பிலைப் பொடி கொஞ்சம் அனுப்புங்கள். என் பழைய போர்வையையும் சேர்த்து வையுங்கள். இங்கே குளிரே இல்லை, இருந்தாலும் அனுப்புங்கள்.

மணி அடித்துவிட்டது, ஓடுகிறேன்.

உங்கள் மகள்,
கவிநிலா