லேப் இல்லாத வகுப்பு

ஜூன் 9, திங்கள்
இஸ்திரி போட்டுப் போட்டுக் கை கழன்றுவிடும் போலிருக்கிறது. ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளுக்கு முடிவே இல்லை. ஆனாலும் இன்று கால் தரையில் பாவவில்லை. பெரியவளை ‘ஏ’ பிரிவுக்கு மாற்றுகிறார்களாம்! லேப் அவர்களுக்குத்தான். ‘பி’யில் இருக்கும் எங்கள் கறுத்த பிள்ளைகள் எல்லாம் கரும்பலகையில் வரைந்த குடுவையைப் பார்த்தே அறிவியல் படிக்க வேண்டியது. லேப் பழக்கம் இல்லாமல் மேலே போய் மருத்துவம் எங்கே படிப்பது? இருந்தது ஒரே இடம், அது என் மகளுக்கு. இவர் சட்டையை மாற்றி மாற்றிக் கண்ணாடி பார்க்கிறார், இடம் தனக்கே கிடைத்த மாதிரி.

ஜூன் 10
பள்ளி பஸ் ஓட்டும் டிரைவரக்காவிடம் சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவள் மகனும் ‘பி’தானே. அவர்கள் வேறு இனம், நாங்கள் வேறு இனம். பள்ளிக்கூடத்துக்கு மட்டும் இரண்டும் ஒன்று. முகம் சுருங்கும் என்று நினைத்தேன். இல்லை, என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“புள்ளைய அனுப்பு, எனக்கு சந்தோஷம்தான். ஆனா மத்ததுகள எதை வெச்சு ஒதுக்கினாங்கன்னு ஒரு வார்த்தை கேளு. பஸ்ல ஒண்ணாத்தான் சிரிச்சுக்கிட்டு வருதுங்க. கேட்டுல இறங்கினதும் நிறம் நிறமாப் பிரிஞ்சு போகுதுங்க.”

என்ன மனசு! நானாக இருந்தால் வயிறு எரிந்திருக்கும்.

ஜூன் 12
இவரோடு சண்டை. கேட்கப் போய்க் கிடைத்ததும் போய்விட்டால் என்கிறார். எனக்கும் அந்தப் பயம்தான்.

ஜூன் 13, வெள்ளி
கேட்டுவிட்டேன். பெற்றோர் கூட்டத்தில், எல்லார் முன்னாலும். தலைமையாசிரியை சிரித்த முகமாகவே சொன்னார் — பரீட்சை எதற்கு, சேர்க்க வரும்போதே பார்த்தால் தெரிந்துவிடுமாம். பார்த்தாலா? எதைப் பார்த்தீங்க, மூக்கையா முழியையா? வாய்வரை வந்தது, முழுங்கிட்டேன்.

அப்போதுதான் மருந்துக்கடைக்காரர் எழுந்தார். வெள்ளைத்தோல், அவர்கள் ஆள், மகன் ‘ஏ’.

“எம் பையன் அறிவியல்ல வருஷா வருஷம் கோட்டை விடுறான். அவன் எப்படி ‘ஏ’ல இருக்கான்? லேப்பை எல்லாருக்கும் திறந்து விடுங்க. இல்ல, அவனையும் ‘பி’க்கு அனுப்புங்க.”

கும்பிடலாம் போலிருந்தது அந்த மனுஷனை. அவர்கள் பக்கத்தில் இன்னும் சிலர் எழுந்தார்கள். சிலர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கிளம்பினார்கள். தலைமையாசிரியைக்குச் சிரிப்பு போய்விட்டது. என் மகளின் இடமும் இப்போதைக்கு இல்லை என்றார்.

ஜூன் 14
“எனக்குக் கெடச்சதைக் கெடுத்துட்டியேம்மா.” காலையில் பெரியவள் சொன்னது. தப்பு பண்ணிட்டேனா?

ஜூன் 23
டிரைவரக்காவும் மருந்துக்கடைக்காரரும் வீடு வீடாகப் போகிறார்கள். அவர் தெருவில் அவள் பேசுகிறாள், எங்கள் தெருவில் அவர். நானும் வேலை முடிந்து சேர்ந்துகொள்கிறேன். இவரும் வந்தார், முணுமுணுத்துக்கொண்டே.

ஜூன் 26
‘ஏ’ பிள்ளைகளில் பாதிப்பேர் லேப்புக்குள் போக மாட்டோம் என்று வாசலிலேயே நிற்கிறார்களாம், ‘பி’யும் வந்தால்தான் உள்ளே போவார்களாம். அந்தக் கோட்டை விடுகிற பையன்தான் முதலில் நின்றானாம். யார் பெற்ற பிள்ளைகளோ, நல்லா இருக்கணும்.

ஜூலை 10
பெரியவளின் புது யூனிபார்மில் ஓட்டை. இப்போது எல்லாருக்கும் திறந்துவிட்ட லேப்பில் டிரைவரக்கா மகன் கைதவறி ஆசிட் தெறித்துவிட்டதாம். நல்லவேளை, தோலில் படவில்லை. ஒட்டுப்போட்டுத் தரட்டுமா என்றேன். வேண்டாமாம். நாளைக்கும் அதையேதான் போட்டுக்கொண்டு போவாளாம்.