மேடத்தை விட்டுட்டு எப்படிம்மா வர்றது?

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உன் தம்பியும் இங்கே நலமாக இருக்கிறோம். நீ நலமா என்று நான் கேட்கத் தேவையில்லை, அதையெல்லாம் உன் மேடம் கேட்டு முடித்திருப்பாள். உனக்குக் காய்ச்சல் வந்த செய்தி என் காதுக்கு வருவதற்குள் அவள் உன்னை டாக்டரிடம் கூட்டிப் போய், மாத்திரை வாங்கிக் கொடுத்து, தன் ஸ்வெட்டரையும் மாட்டிவிட்டு உன் அறைக்கு அனுப்பியிருக்கிறாள். நல்ல காரியம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் நான் கண்ணைக் கெடுத்துக்கொண்டு பின்னி அனுப்பிய நீல ஸ்வெட்டர் பெட்டியை விட்டு வெளியே வந்ததா இல்லையா, அதை மட்டும் சொல். தம்பிக்குப் பரீட்சை நெருங்குகிறது, புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்க்கிறான். அப்பாவுக்கு முட்டி வலி பரவாயில்லை. நீ போன் பண்ணினால் எடுத்தவுடனே எங்க மேடம் அப்படிச் சொன்னாங்க, எங்க மேடம் இப்படிச் சிரிச்சாங்க என்றுதான் தொடங்குகிறாய். வைத்த பிறகு அப்பா என்னைப் பார்த்து, "என்ன, உன் சக்களத்தி சௌக்கியமா?" என்று கேட்கிறார். எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

வெளிப்படையாகவே சொல்கிறேன், அவள் மேல் எனக்குப் பொறாமை. காலையில் உங்கள் மூக்குக் கண்ணாடிப் பட்டறைக்குள் வந்ததும் ஒவ்வொரு மேஜையாகப் போய் இன்னைக்கு உனக்கு எது கஷ்டமா இருக்கு என்று கேட்டு, அந்த வேலையைத் தானே முதலில் உட்கார்ந்து செய்து கொடுப்பாளாமே. ஒரு கண்ணாடியில் வலது பக்க லென்ஸை இடப்பக்கமும் இடதை வலப்பக்கமும் நீ மாட்டிக் கொடுத்துவிட்டாய், அதைப் போட்டுக்கொண்ட மனிதர் படியில் தடுமாறித் திரும்பி வந்து கத்தினார். உன் மேடம் உன்னை உள்ளே போகச் சொல்லிவிட்டு, எங்க கையில தப்பு நடந்துபோச்சு என்று அவரிடம் தானே மன்னிப்புக் கேட்டாள். பிறகு உன் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு நேத்து சரியா தூங்கினியா என்று கேட்டாள். இதைச் சொல்லும்போது உன் குரல் தழுதழுத்தது. என்னைப் பற்றிச் சொல்லும்போது உன் குரல் எப்போதாவது அப்படி ஆகியிருக்குமா என்று யோசித்துக்கொண்டே அன்றைக்குச் சோற்றைக் குழைய விட்டுவிட்டேன்.

அதனால்தான் நம் பின் தெருவில் இருக்கிற பெரிய கண்ணாடிக் கடையில் இடம் காலி என்றதும் ஓடிப்போய் உனக்காகச் சொல்லி வைத்தேன். சம்பளமும் அங்கே வாங்குவதைவிடக் கூடுதல், வேலை முடிந்தால் நடந்தே வீட்டுக்கு வந்துவிடலாம். நீ என்னடாவென்றால் மேடத்தை விட்டுட்டு எப்படிம்மா வர்றது என்றாய். அம்மாவை விட்டுவிட்டுப் போக மட்டும் முடிந்ததா என்று நாக்கு நுனி வரை வந்தது, விழுங்கிவிட்டேன். எப்படியாவது உன்னை வரவழைத்துவிடுவது என்று முடிவு கட்டி, போன திங்கட்கிழமை பேச்சை முடிக்க நானே கடைக்குப் போனேன். மேனேஜர் என்னைப் பெஞ்சில் உட்காரச் சொன்னார். உட்கார்ந்திருந்தபோதுதான் அதைப் பார்த்தேன். உன் வயதுதான் இருக்கும் அந்தப் பெண்ணுக்கு, அவளும் நீ செய்த அதே தப்பைச் செய்திருந்தாள், லென்ஸ் இடம் வலமாகிவிட்டது. மேனேஜர் வாடிக்கையாளர்கள் முன்னாலேயே அந்தக் கண்ணாடியை அவள் முகத்தில் மாட்டி, "இப்பத் தெரியுதா?" என்று கேட்டுச் சிரித்தார். அவர் சிரித்ததால் எல்லோரும் சிரித்தார்கள். அந்தப் பெண்ணும் சிரித்தாளடி, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. பிறகு மேஜைக்குத் திரும்பிப் போய்க் குட்டி ஸ்க்ரூ டிரைவரை எடுத்து அந்த லென்ஸைக் கழற்றத் தொடங்கினாள். மேனேஜர் என் பக்கம் திரும்பி, தேனாக, "உங்க பொண்ணு எப்ப வருது?" என்றார். வராதுங்க என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

அந்தச் சிரிப்பு எனக்குப் புதிதில்லை. ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் நாங்கள் துணி மடிக்கிற இடத்தில் எங்கள் சூப்பர்வைசர் இருக்கிறாரே, கடுகு என்று நாங்கள் பெயர் வைத்திருக்கிறோம், எதற்கெடுத்தாலும் வெடிப்பார், அவர் முன்னால் நானும் அப்படித்தான் சிரிக்கிறேன். ஆபரேஷன் அங்கியை மடிக்கும்போது கட்டுகிற நாடா உள்ளே போக வேண்டும், போன மாதம் நான் ஒன்றை வெளியே விட்டுவிட்டேன், அதற்காக அடுக்கையே தரையில் தள்ளி எல்லாவற்றையும் மறுபடி துவைக்கச் சொன்னார். சரிங்க சார் என்று பல்லைக் காட்டிக்கொண்டே பொறுக்கினேன். நல்ல வேலைதான் அது, வெந்நீர்ச் சூட்டோடு வருகிற வெள்ளைத் துணியை மூலைக்கு மூலை சேர்த்து மடிப்பது எனக்குப் பிடிக்கும், ஆனால் அவர் செருப்புச் சத்தம் கேட்டாலே கை மரத்துப்போகிறது. அன்றைக்குக் கடையிலிருந்து நேரே வேலைக்குப் போய், என் தோழி போர்வையின் அந்த முனையைப் பிடிக்க நான் இந்த முனையைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போதுதான் புரிந்தது. இத்தனை நாளும் என் பொறாமை அவள் மேல் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் மேல் கொஞ்சம்தான். மீதி எல்லாம் உன் மேல்தானடி. நேத்து தூங்கினியா என்று என்னை வேலை செய்கிற இடத்தில் யாரும் கேட்டதில்லை. பெற்ற மகள் மேலேயே பொறாமைப்படுகிற தாய் உண்டா என்று அப்பாவிடம் கேட்டேன், அவர் இந்த முறை சிரிக்கவில்லை.

நீ அங்கேயே இரு. சாப்பாட்டு வேளையைத் தள்ளிப் போடாதே, ஈரத் தலையோடு படுக்காதே, நாளைக்கு உனக்குக் கீழே நாலு பேர் வேலை செய்தால் அவர்கள் மேஜைக்கும் காலையில் போய்க் கேள். எந்தக் குறையும் இல்லாமல் நீ நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும். நீல ஸ்வெட்டரை மறக்காதே, அதைப் போட்டுக்கொண்டு ஒரு நாளாவது வேலைக்குப் போ, அவள் பார்க்கட்டும். இன்னொன்று, உங்கள் பட்டறையில் லென்ஸ் துடைக்கிற துணிகளை யாராவது துவைத்து மடிக்கத்தானே வேண்டும், அதற்கு ஆள் தேவையா என்று உன் மேடத்திடம் ஒரு வார்த்தை கேட்டுப் பார். சும்மாதான் சொல்கிறேன். ஆனாலும் கேள்.

உன் பதிலுக்கு வாசலைப் பார்த்திருக்கும்,
அம்மா