நட்டு மாமா உன் ஊருக்கு வருகிறார்

அன்புள்ள பாப்பாவுக்கு,

இங்கே நானும் அப்பாவும் நலமாக இருக்கிறோம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் சுகம் என்று நினைத்துக்கொண்டே எழுதுகிறேன், உன் இருமல் விட்டதா இல்லையா என்பதை மட்டும் மழுப்பாமல் சொல். அப்பாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, வாய்தான் கட்டுக்குள் இல்லை, தண்ணீர்த் தொட்டி விஷயமாக மாடி வீட்டுக்காரரோடு மறுபடியும் முறைத்துக்கொண்டு நிற்கிறார். தினமும்தான் போனில் பேசுகிறோமே, அம்மா எதற்கு மெனக்கெட்டுக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். இதைப் போனில் ஆரம்பித்தால் பாதியிலேயே வைத்துவிடுவேன், நீயும் பதறுவாய், அதனால்தான்.

நட்டு மாமா ரிட்டயர் ஆகிவிட்டார். சட்டைப் பையில் எப்போதும் நட்டும் போல்ட்டுமாகக் குலுங்குகிறது என்று சின்ன வயதில் நீ வைத்த பெயர், எங்கள் ஆய்வகத்தில் டைரக்டர் வரைக்கும் அதுவே நிலைத்துவிட்டது. அடுத்த மாதம் மகன் வீட்டில் இருப்பதற்காக உன் ஊருக்கே வருகிறார். மாமா ஏன் இப்போதெல்லாம் நம் வீட்டுப் பக்கமே வருவதில்லை என்று நீ கேட்கும்போதெல்லாம் அவருக்கு வேலை அதிகம் என்று சொல்லிச் சமாளித்தேன், அது உண்மை இல்லை.

தொற்று பரவிய அந்த வருஷம் ஆய்வகத்தை மூடிவிட்டு என்னையும் மாமாவையும் மட்டும் உள்ளே விட்டார்கள், உனக்கு ஞாபகம் இருக்கும், நான் முன்னறையில் தனியாகப் படுத்துக்கொள்வேன், அப்பா சாப்பாட்டுத் தட்டை ஸ்டூலில் வைத்துவிட்டு நகர்ந்துபோவார். பெரிய ஆஸ்பத்திரியில் மூச்சு கொடுக்கும் மெஷின் போதவில்லை, நீங்கள் ஒன்று செய்து தாருங்கள் என்று கேட்டிருந்தார்கள். காற்றோட்டக் கணக்கு என் பொறுப்பு, மெஷினைக் கட்டி நிறுத்துவது அவர் பொறுப்பு. மாஸ்க்குக்கு மேலே கண்ணாடியில் மூச்சின் ஆவி படிந்துபோக, திருகாணி எது துளை எது என்று தெரியாமல் இருவரும் தடவிக்கொண்டு கிடந்தோம், அதற்கும் சிரித்துக்கொள்வோம். ஒருவழியாக மெஷின் ஓடியது, நுரையீரலுக்குப் பதிலாக மாட்டியிருந்த ரப்பர் பை அழகாக உப்பி அடங்கியது. உடனே அனுப்பிவிடலாம் என்றார் அவர், அங்கே ஒன்றுமே இல்லாமல் தவிக்கிறார்களே, இது இருந்தால் ஓர் உயிராவது தங்குமே என்றார். ஈரக்காற்றில் விடாமல் ஓடட்டும், ஒரு வாரமாவது பார்க்காமல் மனுஷர் மேல் மாட்ட முடியாது என்றேன் நான். இரண்டு நாள் என்னோடு அப்படி மல்லுக்கட்டியவர் மூன்றாம் நாள் வாயே திறக்கவில்லை, அடிக்கடி போனை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போனார், தனியாக உட்கார்ந்து சாப்பிட்டார். நான் சொன்னதை ஏற்றுக்கொண்டுவிட்டார் என்று நினைத்தேன், வாதத்தில் ஜெயித்த திருப்தி கூட இருந்தது எனக்கு.

வாரம் முடிவதற்குள் ஒரு சாயங்காலம், மூச்சு வெளியே போகும் வால்வு ஈரத்தில் சிக்கிக்கொண்டது. காற்று உள்ளே போய்க்கொண்டே இருந்தது, வெளியே வரவில்லை, பை உப்பி உப்பி என் கண்ணெதிரே கிழிந்தது, எச்சரிக்கை மணி கூட அடிக்கவில்லை. நான் அவர் பக்கம் திரும்பி, நல்லவேளை அனுப்பவில்லை, பார்த்தீர்களா என்றேன். அவர் ஸ்பேனரை எடுத்து வால்வைக் கழற்றிக்கொண்டே, அக்கா மத்தியானம் போய்விட்டார் என்றார். தாய் இல்லாத அவரை வளர்த்து ஆளாக்கிய அக்கா, அதே ஆஸ்பத்திரியில், அந்த மூன்றாம் நாளிலிருந்து மெஷினுக்குக் காத்திருந்திருக்கிறார். தொற்று என்று இவருக்கு முகத்தைக் கூடக் காட்டவில்லையாம்.

வால்வை மாற்றினோம், மெஷின் போனது, அதனால் பிழைத்தவர்கள் உண்டு, கட்டுரை வந்தது, மேடையேற்றிச் சால்வையும் போர்த்தினார்கள். மேடைக்கு அவர் வரவில்லை. அதுவரை என்னை ஏம்மா என்று கூப்பிட்டவர் மேடம் ஆக்கிவிட்டார், வேலையைத் தாண்டி ஒரு வார்த்தை இல்லை. நான் செய்த சோதனை சரிதான், இன்றைக்கு அதே இடத்தில் நின்றாலும் அதையே செய்வேன். ஆனால் பக்கத்து மேஜையில் ஒரு மனிதர் சோறு இறங்காமல் பிசைந்துகொண்டிருந்ததைப் பார்த்தும், வீட்டில் எல்லாரும் நலமா என்று கேட்கத் தோன்றவில்லையே, அந்த நல்லவேளை என்ற சொல்லை விழுங்கியிருக்கலாமே, அதுதான் பாப்பா அறுக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போனேன். பாதி சாமான் மூட்டை கட்டியிருந்தது, எனக்கு ஒரு நாற்காலியை ஒழித்துக் கொடுத்தார். அன்றைக்கே என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டுவிட்டேன். ஒரு மூட்டையின் கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டார். "சொல்லியிருந்தா நீங்க அனுப்பியிருப்பீங்க மேடம். அதான் சொல்லல. சொல்லியிருக்கலாமோன்னு இன்னிக்கு வரைக்கும் தோணுது" என்றார். காபி கொடுத்தார், குடித்துவிட்டு வந்தேன்.

அங்கே வந்ததும் நீ போய்ப் பார். அம்மா அனுப்பினாள் என்று போகாதே, நீயாகப் போ. மெஷின் பேச்சை அவராக எடுத்தால் கேள், இல்லாவிட்டால் விட்டுவிடு. அவருடைய அக்கா எப்படிப்பட்டவர் என்று கேள் பாப்பா. இத்தனை வருஷத்தில் நான் அதைக் கேட்கவே இல்லை.

குளிரில் காதை மூடிக்கொள், ஆபீசிலேயே பழியாகக் கிடக்காதே. நீயும் மாப்பிள்ளையும் நோய்நொடி அண்டாமல், மனம் நிறைந்து நன்றாக இருக்க வேண்டும்.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்
அம்மா